பாசி போனது, பவளம் சுருங்கியது: காரைக்குடி வீட்டில் ஓர் உப்புநீர்த் தொட்டியின் ஓராண்டு

பின்னணி

காரைக்குடியில் ஒரு பழைய செட்டிநாட்டு வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று தெருவுக்குத் தெரு நீளும் வீடுதான். அவ்வளவு பெரிய வீட்டில் நிரந்தரமாக இருப்பவர்கள் மூன்று பேர். வெளிநாட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுத் திரும்பிய வீட்டுக்காரர், எண்பதைத் தாண்டிய அவருடைய ஆத்தா (எங்களுக்கெல்லாம் ஆச்சி), வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர். கல்லூரியில் விலங்கியல் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்து போவார்.

நான் இந்தப் பக்கத்தில் மீன் தொட்டிகள் அமைத்துப் பராமரித்துக் கொடுக்கிறவன். வருகிற வேலை எல்லாம் நல்ல தண்ணீர்த் தொட்டிதான். உப்புநீர்த் தொட்டி கேட்கிறவர்கள் ஒன்றிரண்டு பேர். "தம்பி, மீன் ரெண்டு போதும். பவளம் அசையிறத உக்காந்து பாக்கணும்" என்று அவர் கேட்டபோது ஆவணி பிறந்திருந்தது. ஆடி முடியட்டும் என்று ஆச்சி சொல்லியிருந்ததால் அதுவரை பொறுத்திருந்தார்களாம்.

தொட்டி 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பாறையும் மணலும் போக ஏறக்குறைய 100 லிட்டர் தண்ணீர் நிற்கும். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும், பின்னால் மாட்டும் சிறிய ஸ்கிம்மர் ஒன்று, அலை தரும் பவர்ஹெட் இரண்டு, ஒரு எல்.ஈ.டி. விளக்கு. வடிகட்டும் சாதனங்களுக்கென்று அடியில் வைக்கும் தனித் தொட்டி (சம்ப்) கிடையாது. வளவில், திறந்த முற்றத்தின் வடக்குத் தாழ்வாரமான பத்தியில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஸ்டாண்டை நிறுத்தினோம். வெயில் படவில்லை, காற்றோட்டம் இருந்தது, ஆச்சி உட்காரும் இடத்திலிருந்து நேரே தெரிந்தது. இதைவிட நல்ல இடம் இருக்காது என்று அன்று நினைத்தேன்.

எதை வைத்தோம், எதை வைக்கவில்லை

தொட்டி வைக்கப்போவது தெரிந்ததும், ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து 'உயிர்ப் பாறை' (கடலிலிருந்து எடுத்த, சிற்றுயிர்கள் ஒட்டிய பவளக் கல்) கொண்டுவந்து தருகிறேன் என்று வீட்டுக்காரருக்கு ஒருவர் போன் செய்தார். வேண்டாம் என்று தீர்மானமாகச் சொன்னேன். பாறை கட்டும் கடினப் பவளங்கள், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 என்று அடுத்தடுத்துப் பவளம் வெளுத்த பிறகு அங்கிருந்து ஒரு கல்லை உருவ யாருக்கும் மனசு வரக் கூடாது. ஆனாலும் கேட்பவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அதனால் பாறை முழுக்கச் செயற்கையான செராமிக் பாறை. வளர்ப்பில் பெருக்கிய துண்டுகளாகப் பில்லோடு வாங்கியவை: ஜோவாந்திட் (கொத்துக் கொத்தாகப் பூப்போல விரிவது) மூன்று திட்டு, காளான் பவளம் மூன்று, தோல் பவளம் ஒன்று. இவை எவையும் சுண்ணாம்புக் கூடு கட்டுகிறவை அல்ல. வளர்ப்பில் பொரித்த க்ளவுன் மீன் ஒரு ஜோடி, பாசி மேய டர்போ நத்தை ஆறு.

தொண்டி பக்கத்தில்தானே இருக்கிறது, கேனில் கடல் தண்ணீர் பிடித்து வந்தால் என்ன என்றும் ஒரு பேச்சு வந்தது. பாக் விரிகுடாவின் கரையோரத் தண்ணீர் கலங்கல். வண்டலும் சத்தும் அதிகம். மழைக்குப் பிறகு உப்பின் அளவும் நிலையாக இருக்காது. செயற்கைக் கடல் உப்பைக் கரைத்தே நிரப்பினோம். உப்பு லிட்டருக்கு 35 கிராம், வெப்பம் 26 டிகிரி.

முதல் மூன்று மாதம்

சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. அம்மோனியா ஏறி, அதைத் தின்னும் பாக்டீரியா பெருகி, இறங்க ஐந்து வாரம் ஆனது. ஐப்பசியில் பாறை முழுக்கப் பழுப்புத் தூள் படிந்தது, அது டயட்டம் என்ற நுண்பாசி, புதுத் தொட்டியில் வருவதுதான், தானாகவே போனது. பவளங்களை அதற்குப் பிறகே இறக்கினோம். தோல் பவளம் ஒரு வாரம் மூடிக்கிடந்து, மெழுகுபோல ஒரு தோலை உரித்துவிட்டு விரிந்தது. செத்துவிட்டது என்று வீட்டுக்காரர் இரண்டு தடவை போன் செய்தார். அது அந்தப் பவளத்தின் வழக்கம்.

மார்கழி: முடிப்பாசி

டிசம்பர் இரண்டாம் வாரம் பாறையின் இடப்பக்கம் பச்சை முடி. மாதக் கடைசியில் விரலால் சுற்றி இழுக்கிற நீளம். ஜோவாந்திட் திட்டுகளில் ஒன்றை மூடிவிட்டது. நத்தைகள் மேய்ந்த தடம் தெரிந்தது, ஆனால் அவை மேய்கிற வேகத்தை மிஞ்சிப் பாசி வளர்ந்தது.

சோதித்தேன். நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.04 (லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்). இரண்டுமே நல்ல எண்கள். "எண்ணு நல்லாத்தானே இருக்கு தம்பி, அப்புறம் ஏன் இப்படி?" என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. சோதனைக் குழாய் காட்டுவது பாசி தின்றது போக மிச்சம் கிடப்பதை மட்டும்தான். பந்தி முடிந்தபின் பாத்திரத்தில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று சொல்ல முடியாது.

இதற்கிடையில் ஒரு சம்பவம். பாசி பிடித்த கல்லை எடுத்துக் கொடுத்தால் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்துவிடலாமே என்றார் ஆச்சி. எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரத்துக்குச் செய்கிற வைத்தியம். நல்ல வேளை, நான் இருந்தபோதே சொன்னார். ஜோவாந்திட் வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. அந்தக் கல்லைக் கொதிக்க வைத்தால் ஆவியோடு அது மூச்சில் ஏறும். வெளிநாடுகளில் இப்படிச் செய்து வீட்டோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். பிரஷ் போட்டுத் தேய்ப்பதானாலும் தண்ணீருக்குள்ளேயே, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு என்று அன்று ஒரு தாளில் எழுதி ஸ்டாண்டின் கதவில் ஒட்டினேன்.

காரணம் தேடியபோது

மூன்று காரணம் கிடைத்தன. மூன்றும் அந்த வீட்டிலேயே கண்ணுக்கு முன்னால் இருந்தவை.

முதலாவது வெயில். ஒரு நாள் மதியம் பன்னிரண்டரைக்குப் போனேன். வளவின் திறந்த முற்றத்திலிருந்து ஒரு வெயில் பட்டை பத்திக்குள் நீண்டு, தொட்டியின் இடப் பாதியில் விழுந்து கிடந்தது. அதற்குள் இருந்த பாசியில் மட்டும் முத்து முத்தாகக் குமிழி. காரைக்குடி ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஆவணியில் நாங்கள் தொட்டி வைத்தபோது நடுப்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே; முற்றத்து வெயில் முற்றத்திலேயே நின்றது. மார்கழியில் நடுப்பகல் சூரியன் உச்சியிலிருந்து தெற்கே 33 டிகிரிக்கு மேல் சாய்ந்துவிடும். தாழ்வார விளிம்பு 9 அடி உயரம் என்றால் வெயில் வடக்குப் பத்திக்குள் ஏறக்குறைய 6 அடி நுழையும். எங்கள் தொட்டி விளிம்பிலிருந்து நான்கடியில் இருந்தது. இதைக் கட்டிய கொத்தனாருக்குத் தெரிந்திருக்கும். ஆச்சிக்கும் தெரிந்திருந்தது: "மார்கழிக்கு நான் இங்கதான வெயில் காயுவேன், நீங்க கேக்கலையே."

இரண்டாவது தண்ணீர். ஆவியாகிப் போகிற அளவுக்கு தினமும் ஒன்றரை லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தேன். ஊற்றினார்கள். ஆனால் அது அடுப்படியில் குடிக்க வைத்திருக்கும் ஆர்.ஓ. அந்த மெஷின்களில் ருசிக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைத் திரும்பக் கலக்கிற திருகு ஒன்று இருக்கும். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தால் 85. சம்பை ஊற்றுத் தண்ணீருக்கு ருசி என்று பேர் வாங்கிய ஊர். குடிப்பதற்கு 85 அருமையான எண். தொட்டிக்கு 0 வேண்டும். 110 நாளில் 165 லிட்டர் ஊற்றியாயிற்று, அதாவது தொட்டியின் கொள்ளளவைவிட அதிகம். ஆவியானது தண்ணீர் மட்டும்தான். அதில் கரைந்திருந்தது, கணக்குப் போட்டால் சுமார் 14 கிராம், உள்ளேயே தங்கிவிட்டது. அதில் சிலிகேட் உண்டு, நைட்ரேட்டும் இருந்திருக்கும்.

மூன்றாவது தீனி. காலையில் வீட்டுக்காரர் போட்டார். பதினொரு மணிக்கு வீட்டைப் பார்த்துக்கொள்பவர். மாலையில் ஆச்சி: "வாயத் தொறந்துகிட்டே நிக்குது, பாவம்." மகள் லீவில் வந்தால் இரவில் ஒரு தடவை. ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரியாது. க்ளவுன் மீன் யார் எதிரே வந்தாலும் வாயைத் திறந்துகொண்டுதான் நிற்கும்.

தை: எடுத்த முடிவுகள்

தை மாதம் பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைக்கும் படைப்பு அந்த வீட்டில். அறுபது எழுபது பேர் வந்து இறங்குவார்கள், அதற்குள் தொட்டி பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றார் வீட்டுக்காரர். அந்த அவசரத்துக்கு நான் இடம் கொடுத்ததை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் செய்தோம். முற்றத்துப் பக்கம் மூங்கில் தட்டி தொங்கவிட்டோம். மிச்சம் கரைந்திருப்பதையும் நீக்கும் டி.ஐ. குப்பியுடன் சின்ன ஆர்.ஓ. ஒன்றைத் தனியாக மாட்டினோம், டி.டி.எஸ். 0. கையால் பாசியை ஒரு சொம்பு அளவு பிடுங்கினோம். தீனி நாளைக்கு ஒரு தடவை மட்டும். பாசி போனதும் பாஸ்பேட் 0.2க்கு ஏறியது, தின்ன ஆள் இல்லையே. உடனே பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்ஸைடு குருணையை ஒரு பையில் கட்டிப் போட்டேன். அளவு தாராளம். பத்தாம் நாள் புதுக் குருணை மாற்றினேன். வாரம் இரண்டு முறை 20 லிட்டர் தண்ணீர் மாற்றினேன்.

படைப்பு அன்று தொட்டி கண்ணாடிபோல இருந்தது. வந்தவர்கள் பாராட்டினார்கள். அன்று ஒரே நாளில் எத்தனை பேர் தீனி போட்டார்களோ, டப்பா பாதி காலி. அதுகூட அளவில் தெரியவில்லை என்றால் குருணை எவ்வளவு வேகமாக உறிஞ்சிக்கொண்டிருந்தது என்று அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மாசி: பழுப்பு நூல்

பிப்ரவரிக் கடைசியில் நைட்ரேட் 0, பாஸ்பேட் 0. அதைச் சந்தோஷமாகக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன், அடியில் கோடு வேறு.

பவளங்கள் வேறு மாதிரிச் சொல்லின. காளான் பவளத்தின் செம்பழுப்பு நிறம் சாயம் போன சேலைபோல வெளிறியது. ஜோவாந்திட்கள் பகலில் பாதிதான் விரிந்தன. தோல் பவளம் மூன்று வாரமாக மூடியே கிடந்தது. இந்த முறை உரிக்கவில்லை.

மார்ச் முதல் வாரம் பாறையின் நுனிகளில் பழுப்புச் சளி. நூல் நூலாக நீண்டு, ஒவ்வொரு நூலின் முனையிலும் ஒரு குமிழி. காலையில் விளக்குப் போடும் முன் பார்த்தால் பாறை சுத்தமாக இருக்கும். மதியம் மூன்று மணிக்கு மூக்குச்சளி தொங்குவதுபோல் தொங்கும். பாசி திரும்பிவிட்டது என்று வீட்டுக்காரர் சொன்னார். நானும் முதல் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்து இன்னொரு 20 லிட்டர் மாற்றினேன். அடுத்த நாள் இருமடங்கு. அந்த வாரத்தில் நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து விழுந்தன. ஆறில் ஐந்து செத்தன.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தது

நத்தை சாவதைப் பார்த்த பிறகுதான் இது பாசி இல்லை என்று சந்தேகம் வந்தது. சளியை உறிஞ்சி ஒரு கண்ணாடிக் குப்பியில் அடைத்து நன்றாகக் குலுக்கி, டிஷ்யூ தாளில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை விளக்கடியில் வைத்தோம். ஒரு மணி நேரத்தில் தெளிந்த தண்ணீரில் மறுபடி நூல் திரண்டது. பாசி இப்படித் திரளாது. டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஓரணு உயிரி.

மகள் கல்லூரியிலிருந்து இரவல் வாங்கி வந்த மைக்ராஸ்கோப்பை அடுப்படி மேசையில் வைத்து ஒரு துளியைப் பார்த்தோம். எள்ளுப்போல ஒரு முனை கூர்ந்த உயிரணுக்கள், ஒவ்வொன்றும் கயிற்றில் கட்டிய கன்றுபோல ஒரே இடத்தை மையமாக வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தன. "அப்பச்சி, இது உயிரோட சுத்துது, வந்து பாருங்க" என்று அப்பாவை மகள் கூப்பிட்டது நினைவிருக்கிறது. அந்த வடிவமும் அந்தச் சுற்றும் ஆஸ்ட்ரியாப்சிஸ் வகைக்கு உரியவை. நத்தைகளைக் கொன்றது அதன் நஞ்சு என்றே எடுத்துக்கொண்டோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பவளத்தின் உடம்புக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடுகிற பழுப்பு உயிரணுக்களும் டைனோஃபிளாஜெல்லேட் இனம்தான். உள்ளே இருக்கிற உயிரணுவுக்கு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கொஞ்சமாவது வேண்டும். இரண்டையும் வழித்தெடுத்து உள்ளே இருந்ததைப் பட்டினி போட்டேன். வெறுமையான பாறையில் போட்டிக்குப் பாசியும் இல்லை, பாக்டீரியாவும் போதவில்லை. வெளியே இருந்தது குடியேறிவிட்டது. செராமிக் பாறையில் தொடங்குகிற தொட்டிகளில் இந்த ஆபத்து கூடுதல். அதில் கடலிலிருந்து வந்த பலவகைச் சிற்றுயிர் எதுவும் இல்லை.

திரும்பி வந்த வழி

இம்முறை ஒவ்வொன்றாகச் செய்தோம், மாற்றத்துக்கு மாற்றம் குறைந்தது நான்கு நாள் இடைவெளி விட்டு.

குருணைப் பையை எடுத்தோம். தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினோம். புதுத் தண்ணீர் அந்தப் பழுப்பு நூலுக்குத் தீனி. தீனியை நாளைக்கு இரண்டாக உயர்த்தினோம். அதிலேயே பாஸ்பேட் மெல்ல 0.05க்கு வந்தது, நைட்ரேட் வரவில்லை. கல்லூரிகளும் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் உள்ள ஊர் என்பதால் ஆய்வுக்கூடத் தரத்தில் சோடியம் நைட்ரேட் கிடைப்பது சிரமமாக இல்லை. 13.7 கிராமை ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்தால், அதில் 10 மில்லி 100 லிட்டர் தொட்டியின் நைட்ரேட்டை 1 அளவு உயர்த்தும். தினம் 10 மில்லி, ஒருநாள் விட்டு ஒருநாள் சோதனை, 5 வந்ததும் நிறுத்தம்.

அப்புறம் மூன்று நாள் இருட்டு. கனமான போர்வையால் தொட்டியை மூடினோம். இந்த வகை இருட்டில் பாறையை விட்டுத் தண்ணீரில் மிதக்கும் என்பதால் ஓடும் தண்ணீரில் உள்ள நுண்ணுயிரைக் கொல்லும் 9 வாட் யு.வி. விளக்கு ஒன்றை இரவும் பகலும் ஓடவிட்டோம். மணலோடு ஒட்டிக்கிடக்கிற வகையாக இருந்தால் யு.வி. வீண் செலவு; அதனால்தான் மைக்ராஸ்கோப். சாகிறபோது நஞ்சு வெளியாகும் என்பதால் அதை உறிஞ்சக் கார்பன் பையும் போட்டோம். சளியைக் குழாயால் உறிஞ்சி, நாலாய் மடித்த பழைய வேட்டியில் வடிகட்டி, அதே தண்ணீரைத் திரும்ப ஊற்றினோம்.

மூன்றாம் வாரம் நூல் நின்றது. ஏப்ரல் நடுவில் பாறையின் பின்பக்கம் ஒரு உள்ளங்கை அகலம் பச்சைப் பாசி முளைத்தது. வீட்டுக்காரர் பயந்துபோய்ப் போட்டோ அனுப்பினார். எனக்கு அது நல்ல சேதி. அது அங்கேயே இருக்கட்டும் என்றேன்.

கத்திரி

மே மாதம் தொட்டி 29.5 டிகிரி தொட்டது. சுண்ணாம்புச் சுவர் வீடு என்பதால் அத்தோடு நின்றது. மொட்டைமாடிக்குக் கீழே அறையாக இருந்தால் 32ஐத் தாண்டியிருக்கும். தண்ணீர்ப் பரப்பைத் தொடுமாறு ஒரு சின்ன மின்விசிறி வைத்தோம். இங்கே காற்று வறண்ட காற்று, ஆவியாதல் வேகமாக நடப்பதால் இரண்டு டிகிரி சுலபமாக இறங்கியது. விலையாகத் தினம் 3 லிட்டர் தண்ணீர் போனது. ஒருநாள் ஊற்ற மறந்தால் உப்பு 35லிருந்து 36ஐத் தாண்டிவிடும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, காலை ஒரு தடவை மாலை ஒரு தடவை கோடு வரை ஊற்றினார்கள். விளக்கு எரியும் நேரத்தை மாலை நான்கு முதல் இரவு பத்து வரை என்று மாற்றினோம். பகல் சூட்டோடு விளக்குச் சூடும் சேராது, ஊர் அடங்கிய நேரத்தில் பார்க்கவும் வசதி.

ஓராண்டு முடிவில்

ஜோவாந்திட்டில் ஒரு திட்டு போய்விட்டது. மற்ற இரண்டும் புதுத் தலைகள் விட்டிருக்கின்றன. காளான் பவளம் மூன்று ஏழாகியிருக்கிறது, நிறமும் திரும்பிவிட்டது. தோல் பவளம் ஜூனில் ஒரு நாள் தோலை உரித்துவிட்டு முழுக்க விரிந்தது. நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.05 முதல் 0.1 என்று ஓடவிடுகிறோம். புது நத்தை நான்கு. பின்பக்கத்துப் பச்சைப் பாசி இருக்கிறது.

தீனிப் பிரச்சினையை ஆச்சி தீர்த்தார். நாளுக்கு ஒரு பொட்டலம் என்று வாரத்துக்கு ஏழு பொட்டலம் மகள் மடித்துக் கொடுக்க, அவற்றைத் தன் வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். அந்தப் பெட்டியைத் தொடுகிற தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இடம் பார்க்கும்போது அன்றைய வெயிலை மட்டும் பார்த்தேன். முற்றம் வைத்த வீடுகளில் மார்கழி வெயிலும் ஆனி வெயிலும் எங்கே விழும் என்று அங்கே இருப்பவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் இனி ஸ்டாண்டை நிறுத்துவது. 'ஆர்.ஓ. தண்ணீர்' என்று வாயால் சொல்வதை விட்டு, முதல் நாளே ஒரு டி.டி.எஸ். மீட்டரைக் கையில் கொடுத்துவிட வேண்டும், சில நூறு ரூபாயில் முடிகிற காரியம். வெயில், தண்ணீர், தீனி இந்த மூன்றையும் மட்டும் தையில் திருத்திவிட்டு ஆறு வாரம் பொறுத்திருந்தால் போதும் என்று இப்போது நினைக்கிறேன், குருணையே தேவைப்பட்டிருக்காது. போட்டுத்தான் தீர வேண்டுமென்றால் சொன்ன அளவில் கால் பங்கு, அதுவும் பாஸ்பேட் 0.1க்கு இறங்கும்போது வெளியே. விசேஷத்துக்குள் தொட்டி பளிச்சென்று ஆக வேண்டும் என்று யார் கேட்டாலும் முடியாது என்று சொல்லிவிடுவது என்று வைத்திருக்கிறேன். பங்காளிகள் கேட்டால் என்ன செய்வேன் என்பது வேறு விஷயம்.

தொட்டியை இடம் மாற்றவில்லை. ஆச்சி உட்காரும் இடத்திலிருந்து தெரிய வேண்டுமே. வெயில் தெற்கே சாயத் தொடங்கியதும் அவர் பத்தித் தரையில் வெயில் வந்து நிற்கும் இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போடச் சொல்கிறார். கோடு ஸ்டாண்டின் காலுக்கு ஓரடி தூரத்தில் வந்தால் மூங்கில் தட்டியை இறக்கிவிடுகிறார்கள்.